நான் சொல்லாத ‘வரேன்’

மதியம் மூன்று மணி நாற்பது நிமிடம். எல்லாம் தவறாகப் போகத் தொடங்கிய நேரம் அதுதான். இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், போனில் ஒரு பட்டனை அழுத்தும்போது அதன் மூலையில் இருந்த மணியைப் பார்த்ததுதான். வேலை முடிந்தது, ஒரு காபி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போட்டும் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

நடந்து மூன்று வாரம் ஆகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போது என் மகள் உள்ளறையில் சத்தமாக வேதியியல் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் நின்றால் மட்டும் ஒரு முறை எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போனிலிருந்து தொடங்குகிறேன். பழைய போன் கீழே விழுந்து கண்ணாடி சிலந்தி வலையாகிவிட்டதால், இரண்டு மாதத்துக்கு முன் புதிதாக ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்து ஆன் செய்தபோதே உள்ளே ஒரு சந்தை கூடியிருந்தது. நான் கேட்காத விளையாட்டுகள், நான் கேட்காத கடைகள், ஜாதகம், கடன், வீடியோ, போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு துடைப்பம். எல்லாம் கம்பெனியே போட்டுக் கொடுத்தவை. கைக்கடக்கமான போன், நல்ல கேமரா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முதலில் விட்டுவிட்டேன்.

நான் பள்ளிக்கூட ஆசிரியர். ஒரு நாள் தலைமையாசிரியை காலாண்டுத் தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல், “வாங்க, ரம்மி ஆடலாம்!” என்று உற்சாகமாக அழைத்தது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “போயிட்டு வாங்க சார், நாங்க வெயிட் பண்றோம்” என்றார். அன்று முழுவதும் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் சீட்டைக் குலுக்குவதுபோல் கையை ஆட்டினார்கள்.

அந்த வெட்கத்தைக்கூட விட்டிருப்பேன். ஆனால் அன்று மாலை வானிலை சொல்லும் ஆப் ஒன்று, மைக்கைப் பயன்படுத்த என்னிடம் அனுமதி கேட்டது. மழை வருமா என்று சொல்ல அதற்கு எதற்கு என் வீட்டுப் பேச்சு? உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றுக்கு என் போட்டோக்கள் வேண்டும், இன்னொன்றுக்கு நான் போகுமிடம் எல்லாம் வேண்டும். போட்டோக்களில் இருப்பது பெரும்பாலும் என் மகள்தான். எனக்குப் பயம் எப்போதும் கொஞ்சம் அதிகம். என் மனைவி அதைக் குடும்பத்தின் நான்காவது ஆள் என்பாள். சனிக்கிழமை வரட்டும், எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மகளின் நெற்றி லேசாகச் சுட்டது. பன்னிரண்டாம் வகுப்பு. தில்லை நகரில் டியூஷன், மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை மாதிரித் தேர்வு. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மனைவி பொன்மலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். காலையிலேயே கிளம்பும் அவசரத்தில் ஒரு மாத்திரையை மகள் கையில் வைத்து, “முடியலன்னா அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் குடு, வந்து கூட்டிட்டு வந்துடுவார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நானும் அதையே சொன்னேன்.

“குடுக்கறேன். ஆனா எடுத்துப் பேசாதீங்கப்பா. எல்லாருக்கும் கேக்கும். வழக்கம்போல கட் பண்ணுங்க, போதும்.”

இந்த வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் ஆறாம் வகுப்பில் தனியாகப் பஸ்ஸில் வரத் தொடங்கியபோது ஏற்பட்டது அது. நிறுத்தத்தில் இறங்கியதும் எனக்குப் போன் அடிப்பாள். நான் எடுக்கமாட்டேன், கட் செய்வேன். கட் செய்தால் ‘பார்த்துவிட்டேன், வரேன்’ என்று அர்த்தம். மணி முழுக்க அடித்து ஓய்ந்தால் நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். அப்போது மறுபடி அடிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட இது பொய்த்ததில்லை. நான் கட் செய்துவிட்டு வராமல் இருந்ததில்லை. அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது பட்டன் போன்தான், இன்டர்நெட் கிடையாது. அதுவும் என் பயத்தின் ஏற்பாடு.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். சில ஆப்களை அழுத்தியதும் போய்விட்டன. பல போக மறுத்தன. அவற்றில் அன்இன்ஸ்டால் என்ற பட்டனே கிடையாது. டிஸேபிள் மட்டும்தான் இருந்தது. அதை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே எச்சரிக்கை வந்தது: இதை நிறுத்தினால் மற்ற ஆப்கள் சரியாக இயங்காமல் போகலாம். முதலாவதற்குக் கொஞ்சம் தயங்கினேன். ரம்மிக்கும் அதே எச்சரிக்கை, ஜாதகத்துக்கும் அதே எச்சரிக்கை. ஜாதகம் நின்றால் என்ன இயங்காமல் போய்விடும்? பத்தாவதற்குப் பிறகு நான் அதைப் படிப்பதையே விட்டுவிட்டேன்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அலமாரியை ஒழித்துச் சுத்தம் செய்தபின் வரும் நிம்மதி அது. திரை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டு போன் படங்கள் மிஞ்சின. ஒன்று நீலம், ஒன்று பச்சை. இரண்டிலும் அதே பெயர்கள், அதே எண்கள். ஒரு போனுக்குள் எதற்கு இரண்டு போன்? நீலத்தில் கம்பெனியின் முத்திரை இருந்தது. அதுவும் கம்பெனிக்காரன் ஒட்டிவிட்ட சரக்குதான் என்று தீர்மானித்தேன். எச்சரிக்கை வந்தது. அழுத்தினேன். மணி 3:40.

பிறகுதான் தெரிந்தது. பச்சை வெறும் பெயர்ப்பலகை, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டுவதற்காக ஒட்டியது. கூப்பிடுவதும் எடுப்பதும் எல்லாம் நீலத்தின் வேலை. நீலம் இல்லாத போனுக்கு அழைப்பு வந்தால் கதவைத் திறக்க உள்ளே ஆள் இல்லை. அதனால் அந்த அழைப்பை அது தானாகவே கட் செய்துவிடும்.

காபி குடித்தேன். விடைத்தாள் ஒரு கட்டுத் திருத்தினேன். நடுவில் இரண்டு மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு எதுவும் காட்டவில்லை. பரவாயில்லை, காய்ச்சல் ஏறவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஐந்தேகாலுக்கு எதிர்வீட்டு மாமி, மூடிய கிண்ணத்தோடு படியேறி வந்தார். கோயிலைச் சுற்றியே வாழ்க்கை அமைந்த குடும்பம், எங்களுக்குப் பத்து வருடப் பழக்கம்.

“என்ன சார், பெரிய மனுஷா ஆயிட்டேளா? அக்காரவடிசல் பண்ணினேன், சூடா இருக்கச்சே வந்து வாங்கிண்டு போங்கோன்னு சொல்லலாம்னு ரெண்டு தரம் போன் பண்றேன். ரெண்டு தரமும் பட்டுனு கட் பண்றேள்!”

“நான் கட் பண்ணலையே மாமி. போனே வரலை.”

“வராமலா? காது கேக்கலைன்னா என் பொண்ணுகிட்ட சொல்றேன், நல்ல டாக்டரா சொல்லுவா” என்று சொல்லிக்கொண்டே மறுபடி அடித்தார். என் போன் மேசைமேல் கிடந்தது. என் இரண்டு கைகளும் கிண்ணத்தைப் பிடித்திருந்தன. திரையில் ஒரு வெளிச்சம் வந்தது, ஒரு நடுக்கம், அணைந்தது. மணியே அடிக்கவில்லை. மாமியின் போனிலிருந்து கட் செய்தால் வரும் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

“இதோ, இப்பவும் கட் பண்ணிட்டேள்” என்று சிரித்த மாமி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அவள் அடித்திருந்தால்? அடித்திருந்தால், இந்தப் போன் அவளுக்கு ‘வரேன்’ என்று சொல்லியிருக்கும்.

பச்சையைத் தொட்டு அவள் பெயரை அழுத்தினேன். திரை ஒரு முறை சிமிட்டிவிட்டுப் பழையபடி நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி சிமிட்டியது. நிறுத்தியதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பட்டியலுக்குள் போனால் நீலத்தைக் காணவில்லை. நிறுத்தியவற்றை வேறெங்கோ ஒளித்து வைத்திருந்தது. அவசரமாக அழுத்தியதில் சம்பந்தமில்லாத ஏதேதோ திறந்தது. மாமி தன் போனை நீட்டினார். எண்ணைப் பார்த்து அடித்தேன். மணி போனது. முழுக்கப் போய் நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் முழுக்கப் போய் நின்றது.

“எடுக்க மாட்டா மாமி” என்றேன். “தெரியாத நம்பர்னா எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

போன் வாங்கிக் கொடுத்த அன்று அவள் கேட்டாள், ‘நீங்களே வேற நம்பர்லேருந்து பண்ணா?’ என்று. ‘நானா இருந்தாலும் எடுக்காதே’ என்று சொன்னவன் நான்.

மனைவிக்கு அடித்தோம். எடுக்கவில்லை. வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருக்க வேண்டும். “நீங்க கிளம்புங்கோ. நான் விடாம அடிச்சிண்டே இருக்கேன். பெருமாள் பாத்துப்பார்” என்றார் மாமி. வீட்டைப் பூட்டாமலே ஸ்கூட்டரை எடுத்தேன். மாமிதான் பூட்டியிருக்கிறார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கமாக நின்றன. எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ, அதன் பின்பக்கம் எழுதியிருந்தது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: சிரித்துக்கொண்டே செல்லவும். ஆற்றைப் பார்க்கவில்லை. அவள் எத்தனை முறை அடித்திருப்பாள், முதல் முறை கட் ஆனதுமே பையை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியிருப்பாளா என்று மட்டும் ஓடியது. நிச்சயம் இறங்கியிருப்பாள். நான் ஒரு நாளும் அவளைக் காக்க வைத்ததில்லை. இன்னொரு முறை அடித்திருந்தால், வண்டி ஓட்டிக்கொண்டே கட் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். சந்தேகப்பட அவளுக்கு எந்தக் காரணத்தையும் நான் இத்தனை வருடத்தில் கொடுத்ததில்லை. நல்ல பழக்கம் என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஒன்றே அவளைத் தெருவில் உட்கார வைத்திருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து தில்லை நகருக்கு வந்தபோது ஐந்து ஐம்பது. டியூஷன் மாடியில், கீழே ஒரு மருந்துக்கடை. மாடிக்கு ஓடினேன். வாசலில் உட்கார்ந்து தேர்வைக் கவனித்துக்கொண்டிருந்தவர், “அந்தப் பொண்ணு நாலு மணிக்கே கிளம்பிடுச்சே சார். அப்பா கீழ வந்துட்டார்னு சொல்லுச்சு” என்றார்.

கீழே ஓடிவந்தேன். மருந்துக்கடைப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் அப்பாவா? வந்துட்டே இருக்கார், வந்துட்டே இருக்கார்னு இந்தப் படியிலயே உக்காந்திருந்துச்சுங்க. நான்கூட கேட்டேன், உங்கப்பா மெட்ராஸ்லேருந்தா வர்றாருன்னு.”

“இப்ப எங்கம்மா?”

“ஒரு போன் வந்துச்சு. அப்புறம் யாரோ வண்டில வந்தாங்க, போயிடுச்சு. கால் மணி நேரம் இருக்கும்.”

“யாரு? ஆம்பளையா, பொம்பளையா?”

“உள்ள மருந்து எடுத்துட்டிருந்தேங்க. கவனிக்கலையே.”

தெருவில் போன ஒவ்வொரு வண்டியின் பின்சீட்டையும் பார்த்தேன். அவரே வெளியே வந்து என் தோளைத் தொட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்து, தன் போனையும் கொடுத்தார். மனைவிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மகளுக்கு அடித்தேன். மணி முழுக்கப் போனது. என் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இங்க பாருங்க. பை இங்கயே இருக்கே” என்றார் அவர். கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுடைய நீலப் பை. “என்கிட்ட சொல்லிட்டுத்தான் வெச்சிட்டுப் போயிருக்கு போல, கூட்டத்துல நான் காதுல வாங்கல. பையை விட்டுட்டுப் போனா திரும்பி வரும். நீங்க தேடப் போகாதீங்க. நீங்க அங்க போவீங்க, அது இங்க வரும். உக்காருங்க.”

அவள் உட்கார்ந்திருந்த படியிலேயே உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு ஓரத்தில் விடைத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கம் வரை எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் எழுத்து சாய்ந்து போயிருந்தது.

சும்மா இருக்க முடியாமல் என் போனை எடுத்தேன். இந்த முறை நிதானமாகத் தேடினேன். பட்டியலின் தலையில் ஒரு சிறிய அம்பு இருந்தது. அதைத் தொட்டால் நிறுத்தியவை தனியாக வந்தன. ரம்மி, ஜாதகம், துடைப்பம் எல்லாம் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் நின்றன. அவற்றுக்கு நடுவில் நீலம். எனேபிள் என்பதை அழுத்தினேன். ஒன்றும் எச்சரிக்கவில்லை. திரும்பக் கொண்டுவருவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை போலிருக்கிறது.

நீலத்தைத் திறந்ததும் அழைப்புகள் வரிசையாக விழுந்தன. அவள் பெயர் 3:55, 4:20, 4:40, 4:55. பிறகு மனைவி, ஐந்து மணி. பிறகு மாமி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில், வெட்டிவிட்டதைக் காட்டும் அந்தச் சின்னச் சிவப்புக் குறி. நாலு முறை அவளுக்கு வரேன் என்று சொல்லியிருந்தேன், நான் சொல்லாமலே.

அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மூன்று நாற்பதுக்குப் பிறகு அது வாய் திறந்து அடித்த முதல் மணி. திரையில் அவள் பெயர். எடுக்கப் போனேன், விரல் பட்டதா இல்லையா தெரியவில்லை, இரண்டு மணியோடு நின்றுவிட்டது. மிஸ்டு கால். தலையைத் தூக்கினேன்.

தெரு முனையில் என் மனைவியின் ஸ்கூட்டர் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் பட்டன் போனைத் தூக்கி ஆட்டியபடி, என் மகள்.

மருந்துக்கடைப் பெண்மணி, “பார்த்தீங்களா, சொன்னேன்ல” என்று உள்ளிருந்து சத்தம் போட்டார். எங்கள் மூன்று பேரையும்விட அவருக்குத்தான் அந்த நேரத்தில் சந்தோஷம் அதிகம் என்று தோன்றியது. பையை மார்போடு பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மனைவி வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மருந்துச் சீட்டைக் கடையில் நீட்டிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ஸ்ரீரங்கத்துலேருந்து ஆத்துல நீந்தியா வந்தீங்க? கையுறை கழட்டிட்டு போனைப் பார்த்தா இவ ஒரு மிஸ்டு கால். கூப்பிட்டா, அப்பா வந்துட்டே இருக்கார்ங்கறா. உங்களுக்குப் பண்ணா கட் பண்றீங்க. ஓட்டிட்டு வர்றீங்கன்னு நானும் நினைச்சேன். ஆனா ஒரு மணி நேரமாவா ஓட்டுவாரு மனுஷன்? மனசு கேக்கல, நேரா இங்க வந்துட்டேன். போனை வண்டி டிக்கியிலயே விட்டுட்டு, பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். வைரல்தான். மூணு நாளைக்கு மாத்திரை, நிறைய தண்ணி.”

“போன்ல…” என்று ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் கேலியை நிறுத்தி, என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கித் திறந்து என்னிடமே கொடுத்தாள்.

மகள் வண்டியிலிருந்து மெதுவாக இறங்கி வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது. நன்றாகச் சுட்டது.

“ரெண்டு மூணு நம்பர்லேருந்து யாரோ விடாம கூப்பிட்டுட்டே இருந்தாங்கப்பா. நான் ஒண்ணுகூட எடுக்கல” என்றாள், நல்ல மதிப்பெண் வாங்கியதைச் சொல்கிற குரலில்.

அவள் பையை என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவள் அம்மாவின் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, என் காதருகில் சாய்ந்தாள். “அம்மாதான் கடைசி வரைக்கும் நம்பல. நான் சொல்லிட்டே இருந்தேன், அப்பா கட் பண்ணா கண்டிப்பா வந்துடுவார்னு. வந்துட்டீங்கள்ல?”